ஃபேன் ஓடியது, காற்று நகரவில்லை: பெங்களூரில் ஒரு காளான் அறை

சிப்பிக் காளான் வளர்ப்பு பற்றித் தமிழில் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. வைக்கோலை எவ்வளவு நேரம் ஊற வைப்பது, எப்படி வேக வைப்பது, ஸ்பானை, அதாவது காளான் விதையை, எத்தனை அடுக்காகப் போடுவது என்று எல்லாம் சொல்லித் தருகிறார்கள். அறைக்குள் காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போக வேண்டும் என்று கேட்டால் மட்டும் "ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக்குங்க" என்று முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியால் எனக்குப் போனது ரூ.38,000. கூடவே சில வாரங்கள் தூங்கவிடாத இருமல். மொட்டை மாடியில், ஒரு தடுப்பு அறையில், யாரும் கூட இல்லாமல் பட்டது எல்லாம். இந்தத் தொழிலை வீட்டில் ஆரம்பிக்கப் போகிறவர்கள் வைக்கோல் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடட்டும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ராமமூர்த்தி நகர் பக்கம். கார்மெண்ட்ஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், அந்த யூனிட்டை மூடிவிட்டார்கள். மாடியில் ஓனரம்மா பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறையை மாதம் 3,000 ரூபாய்க்குப் பேசி எடுத்தேன். 10க்கு 12 அடி, உயரம் 9 அடி, ஒரு ஜன்னல், ஒரு கதவு. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் வெள்ளைச் சிப்பி ஸ்பான் வாங்கினேன், வைக்கோல் ஹொஸ்கோட்டே பக்கத்திலிருந்து வந்தது. 2023 மழைக்காலத்தில் முதல் பெட்டுகளை, அதாவது வைக்கோலும் ஸ்பானும் அடைத்த பைகளை, தொங்கவிட்டேன். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இங்கே வெயிலும் அதிகமில்லை, காற்றில் ஈரத்துக்கும் குறைவில்லை. முதல் அறுவடை அப்படி வந்தது. உள்ளங்கையை விரித்த மாதிரி குடைகள். ஹொரமாவு அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்ட அரை மணி நேரத்தில் பாக்கெட்டுகள் தீர்ந்துவிடும். எனக்கு இந்தத் தொழில் கை வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு குளிர் வந்தது, கூடவே ஈ வந்தது. காளான் ஈ என்பது கொசுவை விடச் சின்னது, கறுப்பாக, பெட்டின் மேல் நடந்துகொண்டே இருக்கும். அதன் புழு உள்ளே போய் காளான் இழையைத் தின்றுவிடும். வாரக் கடைசியில் நான் போன பயிற்சி வகுப்பில் இதற்குச் சொன்ன வைத்தியம், அறையை முழுக்க அடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது. அப்படியே செய்தேன். ஜன்னலுக்குத் தெர்மகோல், கதவு இடுக்குக்கு ரப்பர் பட்டை, தரையோரம் இருந்த ஒரு வென்டிலேட்டர் ஓட்டைக்கு மட்டும் 40 மெஷ் (ஒரு இன்ச்சுக்கு 40 கண்) நைலான் வலை. எதிர்ச்சுவரில் உயரத்தில் 9 இன்ச் ஃபேன், அதற்கு வெளியே காற்று வந்தால் திறந்து நின்றால் மூடிக்கொள்ளும் பிளாஸ்டிக் ஷட்டர். ஈ குறைந்தது. அறையும் பார்க்கச் சுத்தமாக, வீடியோவில் வருகிற அறை மாதிரியே இருந்தது.

அடுத்த அறுவடையில் தண்டு என் நடுவிரல் நீளத்துக்கு வளர்ந்து, அதன் நுனியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு குடை நின்றது. கொத்துக் கொத்தாக அப்படித்தான். தண்டின் அடிப்பாகத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி பூத்திருந்தது. எடை பாதிக்கும் கீழே. குழுவில் படம் போட்டுக் கேட்டால் ஸ்பான் சரியில்லை என்றார் ஒருவர், வெளிச்சம் போதவில்லை என்றார் இன்னொருவர், ஈரம் போதவில்லை என்றார் மூன்றாமவர். வேறு இடத்திலிருந்து ஸ்பான், 1,200 ரூபாய். எல்இடி டியூப், 900. மீயொலி முறையில் புகை போல் நீரைத் தெளிக்கும் ஹியூமிடிஃபையர், 6,500. எதுவும் அசையவில்லை. ஃபேன்தான் ராத்திரி பகலாக ஓடுகிறதே, சத்தம் கீழ் வீடு வரை கேட்கிறதே, அதனால் காற்றின் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

விஷயத்தை எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு வாடிக்கையாளர்ப் பெண்ணின் கிண்டல். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எனோகி போட ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றாள். எனோகி என்றால் நூல் போல நீளத் தண்டும் குண்டூசித் தலையும் உள்ள ஜப்பான் காளான். எரிச்சலோடு வீட்டுக்கு வந்து அது எப்படி அந்த வடிவத்தில் வளர்கிறது என்று தேடினேன். இருட்டிலும் குளிரிலும், கரியமில வாயு நிறையச் சேர்ந்த இடத்தில் வேண்டுமென்றே வைத்துத்தான் அதன் தண்டை நீட்ட வைக்கிறார்களாம். என் அறையில் நான் ஆசைப்படாமலே அது நடந்துகொண்டிருந்தது.

காளானும் நம்மைப் போலத்தான் மூச்சு விடுகிறது. ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. பைக்குள் இழை பரவுகிற நாட்களில் அந்த வாயு அதிகம் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. மொட்டு விட்டுக் குடை விரிக்கும்போதுதான் சுத்தமான காற்று வேண்டும். காற்று கிடைக்காவிட்டால் அதைத் தேடித் தண்டை நீட்டும், குடையை விரிக்காது. வெளிக்காற்றில் கரியமில வாயு 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) சுற்றி இருக்கும். சிப்பிக்குக் குடை விரிகிற கட்டத்தில் 1,000க்குள் வைத்திருந்தால் நல்லது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, மூக்காலும் தெரியாது, மீட்டர் வேண்டும்.

மீட்டர் வாங்குவதில் ஒரு விஷயம். ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு அழகான கலர் திரையோடு கிடைப்பவற்றில் பல, கரியமில வாயுவை அளப்பதே இல்லை. காற்றில் உள்ள வேறு வாயுக்களின் வாடையை வைத்துக் குத்துமதிப்பாக ஒரு எண்ணைக் காட்டும். அகச்சிவப்பு ஒளியை வைத்துக் கரியமில வாயுவையே அளக்கிற என்டிஐஆர் சென்சார் என்று தெளிவாகப் போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும், அது 4,000, 5,000 ஆகும். கையில் வந்ததும் பக்கத்தில் கொஞ்சம் சானிடைசர் தெளித்துப் பாருங்கள். எண் விர்ரென்று ஏறினால் அது போலி, திருப்பி அனுப்பிவிடலாம். நல்ல மீட்டர் சானிடைசருக்கு மசியாது, நீங்கள் வாயால் ஊதினால் ஏறும். என் மீட்டரை மாடியில் வெளியே வைத்தபோது 430 காட்டியது. உள்ளே, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 3,400.

சரி, ஃபேன் ஓடுகிறது, காற்று ஏன் போகவில்லை? வீட்டில் இருக்கிற ஊதுபத்தியே போதும் இதைக் கண்டுபிடிக்க. ஒன்றைக் கொளுத்தி வலை போட்ட ஓட்டைக்கு நேரே பிடித்தேன். புகை உள்ளே இழுபட வேண்டும். அது நேராக மேலே போயிற்று. கதவை விரல் அளவுக்குத் திறந்தேன், புகை சர்ரென்று கதவிடுக்கிலிருந்து உள்ளே பாய்ந்து நேராக ஃபேனுக்குப் போனது. வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வெளிச்சமே தெரியவில்லை. வைக்கோல் தூசி, காளான் வித்துத்தூள், ஹியூமிடிஃபையரின் ஈரம், மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு கண்ணையும் அடைத்திருந்தன. புது வலையே கூட அவ்வளவு திறந்ததில்லை, 40 மெஷ் வலையில் பாதிக்கு மேல் நூல்தான் இடம் பிடித்திருக்கும். உள்ளே வர வழியில்லாத காற்றை எவ்வளவு பெரிய ஃபேனும் வெளியே தள்ள முடியாது. அது அங்கேயே சுழன்று மின்சாரத்தை மட்டும் தின்னும்.

கணக்கு ரொம்ப எளிது, ஆனால் யாரும் போட்டுக் காட்டவில்லை. என் அறை 10 × 12 × 9, அதாவது 1,080 கன அடி. மணிக்கு 6 தடவை அறைக்காற்று முழுக்க மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 6,480 கன அடி, நிமிடத்துக்கு 108. ஃபேன் பெட்டியில் கன மீட்டரில் போட்டிருந்தால் 108ஐ 1.7ஆல் பெருக்குங்கள், மணிக்குச் சுமார் 184 கன மீட்டர். என் ஃபேனின் பெட்டியில் இதைப் போல மூன்று மடங்குக்கு மேல் போட்டிருந்தது. ஆனால் அந்த எண் ஃபேனுக்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றுமே இல்லாமல் திறந்த வெளியில் அளந்தது. வலை, ஷட்டர், குழாய் என்று ஒவ்வொன்றைச் சேர்க்கும்போதும் அது சரிந்துகொண்டே போகும், அதிலும் சாதாரண இறக்கை ஃபேன் கொஞ்சம் தடை வந்தாலே தளர்ந்துவிடும். அதனால் காற்று வரும் வழியை ஃபேனின் வட்டத்தைவிடக் குறைந்தது மூன்று மடங்கு பெரிதாக வையுங்கள். நான் தெர்மகோலைப் பிடுங்கிவிட்டு, ஜன்னலில் 2 அடிக்கு 2 அடி சட்டம் அடித்து வலை போட்டேன். மூலை மூலையாக மீட்டரை வைத்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. வாசல் பக்கம் 900 காட்டும்போது கடைசி ரேக்குக்குப் பின்னால் 2,000. வருகிற காற்று குறுக்கு வழியில் ஃபேனுக்கு ஓடிவிடுகிறது, பின்பக்கத்துக்கு எட்டிப் பார்ப்பதே இல்லை. கரியமில வாயு கனமானது, தரையில்தான் தங்கும், ஃபேனைக் கீழே வை என்று நிறையப் பேர் சொல்வார்கள். என் அறையில் மேலுக்கும் கீழுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மூலைக்கும் வாசலுக்கும்தான் இருந்தது. பின் ரேக்கின் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு சின்ன டேபிள் ஃபேனை மெல்ல ஓடவிட்டதில் அது சரியானது. காளான் மேல் நேரே அடிக்கக் கூடாது, அடித்தால் மொட்டு காய்ந்துவிடும்.

அடுத்த அறுவடை பழையபடி உள்ளங்கை அளவுக்கு வந்தது. கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கு நஷ்டம் பத்தாயிரத்தைத் தாண்டியிருக்காது.

2024 பிப்ரவரி கடைசியில் ஒரு காலை மாடிக்குப் போனால் கதவைத் திறக்கும்போதே புளித்த வாடை. ஃபேன் நின்றிருந்தது, ம்ம்ம் என்ற உறுமல் மட்டும். ஹியூமிடிஃபையர் தன் பாட்டுக்கு ராத்திரி முழுக்கப் புகை கக்கியிருக்கிறது. குடைகள் எல்லாம் தொட்டால் வழுவழுப்பாக, மஞ்சள் பழுப்புத் திட்டுகளோடு இருந்தன. குடையின் மேல் நீர் காயாமல் தங்கினால் பாக்டீரியா வந்துவிடும், அந்தத் திட்டுதான் இது. மறுநாள் கொடுக்க வேண்டிய ஒரு கல்யாண ஆர்டர், 20 கிலோ, எல்லாம் குப்பைக்கு. அந்த வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொல்லும்போது எனக்கு வார்த்தையே வரவில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் மறுபடி என்னிடம் வாங்கவில்லை.

பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார், கண்டன்சர் போயிருக்கு அக்கா என்று 2.5 மைக்ரோஃபாரட் ஒன்றை மாற்றினார். மோட்டாரைச் சுற்ற ஆரம்பிக்க வைப்பது அதுதான். ஓடியது. இரண்டு வாரம் கூடத் தாங்கவில்லை, மறுபடி உறுமல். இந்தத் தடவை அல்சூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் ஒரு வயதானவரிடம் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர் மோட்டாரைத் தொடவே இல்லை, முதலில் இறக்கையைத்தான் தடவிப் பார்த்தார். "இது என்னம்மா, மாவா?" என்றார். இறக்கையின் முன் விளிம்பில் காப்பிப் பொடி நிறத்தில் ஒரு பசை, நகத்தால் சுரண்டினால் பட்டையாக உரிந்தது. அடியில் பால் வெள்ளையாக இன்னொரு படலம். பழுப்பு, காளான் வித்துத்தூள் ஈரத்தில் ஊறி இறுகியது. வெள்ளை, எங்கள் போர்வெல் தண்ணீரின் உப்பு. மீயொலி ஹியூமிடிஃபையர் தண்ணீரை மட்டும் பறக்கவிடாது, அதிலுள்ள சுண்ணாம்பையும் சேர்த்துப் பறக்கவிடும், அது காய்ந்து பொடியாக எல்லாவற்றின் மேலும் படியும். மூன்று இறக்கையிலும் பசை ஒரே அளவில் இல்லை, ஒன்றில் தடித்து, ஒன்றில் மெலிந்து. சுற்றும்போது எடை ஒரு பக்கம் இழுக்கும், உதறும், அந்த உதறலில் மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் தேயும். புஷ் தேய்ந்தால் தண்டு இறுகும், இறுகினால் மோட்டார் சூடாகும், சூட்டில் கண்டன்சர் உப்பும். கண்டன்சர் கடைசியாகச் செத்தது, முதலில் செத்தது அது இல்லை என்று அவர் சொன்னதைத்தான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதிவிடுகிறேன். ஸ்விட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றி விடுங்கள். நல்ல ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றி மெல்ல நிற்கும். விட்ட இடத்திலேயே நின்றால் புஷ்ஷோ பேரிங்கோ இறுகியிருக்கிறது, கண்டன்சர் மாற்றிப் பிரயோசனமில்லை. கையால் நன்றாகச் சுற்றுகிறது, கரண்ட் கொடுத்தால் உறுமுகிறது, ஒரு குச்சியால் தள்ளிவிட்டால் ஓட ஆரம்பிக்கிறது என்றால் அது கண்டன்சர். உறுமலே இல்லை, செத்துக் கிடக்கிறது என்றால் ஒயரைப் பாருங்கள், அதுவும் சரியென்றால் வைண்டிங்குக்குள் இருக்கும் தெர்மல் ஃப்யூஸ் அறுந்திருக்கலாம், அது வீட்டில் பார்க்கிற வேலை இல்லை. கரண்டை அணைத்த பிறகும் கண்டன்சருக்குள் மின்சாரம் இருக்கும், வெறும் கையால் அதன் முனைகளைத் தொடாதீர்கள். புஷ் ஃபேனுக்கு அவ்வப்போது இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விடலாம், தேங்காய் எண்ணெய் விடக் கூடாது, குளிரில் உறைந்துவிடும். சீல் வைத்த பால் பேரிங்குக்கு எண்ணெயே விட வேண்டாம், சத்தம் வந்தால் மாற்றுவதுதான். மாற்றும்போது இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், தகர மூடி போட்டது ஈர அறைக்கு ஆகாது. புது ஃபேன் வாங்குவதானால் இரும்பு இறக்கை, பால் பேரிங், முழுக்க மூடிய மோட்டார், இந்த மூன்றையும் கேளுங்கள். குளியலறைக்கு விற்கும் பிளாஸ்டிக் ஃபேன் பாதி விலைதான், ஆனால் நாள் முழுக்க ஓடுவதற்காகச் செய்தது இல்லை.

அந்த இறக்கைகளைக் கடையிலிருந்து கொண்டு வந்த பிறகு மாடியில் உட்கார்ந்து காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தேன். துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டிருந்தேன், அதற்கு மேல் யாரும் சொல்லியிருக்கவில்லை. சாயந்திரம் ஏழு மணிக்கு உடம்பு தூக்கிப் போட்டது. குளிர், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம். காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. அறுவடை செய்த நாட்களில் எல்லாம் இதே மாதிரி ஆகத் தொடங்கியது, இருமல் மட்டும் விடவே இல்லை. தெரு முனை கிளினிக்கில் வைரல் என்று மாத்திரை கொடுத்தார்கள், மறுபடி போனபோதும் அதே மாத்திரை. ராத்திரியில் தலையணையை உயர்த்தி வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவேன். வீட்டுக்காரர் ஓசூர் ஷிஃப்ட், பையன் பரீட்சை, யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கடைசியில் நெஞ்சு நோய் மருத்துவர் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றும்போதே, "வீட்ல புறா இருக்கா?" என்று கேட்டார். புறா இல்லை சார், காளான் இருக்கு என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

புறா எச்சத்தூசி மாதிரியே காளான் வித்துத்தூளும் நுரையீரலில் ஒவ்வாமையைக் கிளப்பும், காளான் பண்ணையில் வேலை செய்பவர்களுக்கு வருகிற பழைய நோய் இது. தூளைச் சுவாசித்த நான்கிலிருந்து எட்டு மணி நேரத்தில் ஃபுளூ மாதிரி வந்து போகும், அதனால்தான் காரணத்தை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. கவனிக்காமல் மாதக்கணக்கில் விட்டால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழும். ஸ்கேன், மருந்து, ஃபீஸ் என்று 11,000 ஆனது. எனக்கு நேரத்தில் தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த வாரங்களில் பயந்த பயம் கொஞ்சமில்லை. இப்போது என்95 மாஸ்க் இல்லாமல் கதவைத் திறப்பதில்லை, துணியோ சர்ஜிக்கல் மாஸ்க்கோ இதற்குப் போதாது. குடை ஓரம் உள்பக்கம் சுருண்டிருக்கும்போதே பறித்துவிடுகிறேன், விரிந்து ஓரம் மேலே திரும்பிவிட்டால் தூள் கொட்டத் தொடங்கியிருக்கும். அறைக்குள் போவதற்கு முன் பத்து நிமிடம் ஃபேனை முழு வேகத்தில் விடுகிறேன். இறக்கையையும் வலையையும் காய்ந்த பிரஷ்ஷால் தொடவே மாட்டேன், முதலில் ஸ்பிரேயரால் நனைத்துவிட்டு ஈரத் துணியால் துடைப்பதுதான். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், படுக்கையறைக்கு ஒட்டிய அறையில் இதைச் செய்யவே வேண்டாம் என்பது என் எண்ணம். வருமானம் அவ்வளவு பெரிதில்லை.

அல்சூர்க்காரர் இன்னொரு கேள்வியும் கேட்டார். "அழுக்குக் காத்து எல்லாத்தையும் ஏம்மா மோட்டார் வழியா இழுக்கறீங்க? ஃபேனைத் திருப்பிப் போடுங்களேன்." எனக்கு அது தோன்றவே இல்லை. ஜன்னல் பக்கம் ஃபேனை வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளினால், மோட்டாரைத் தொடுவது சுத்தமான, காய்ந்த காற்று. வித்துத்தூளும் ஈரமும் எதிர்ச்சுவரில் உள்ள வலை ஓட்டை வழியாகத் தானாகப் போய்விடும். இன்னொரு லாபம், உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் எல்லா இடுக்கிலும் காற்று வெளியேதான் வீசும், ஈ உள்ளே நுழையத் திணறும். இழுக்கிற ஃபேனில் இடுக்கு இருக்கிற இடமெல்லாம் ஈக்கு வாசல். ஜன்னலில் மரப்பெட்டி செய்து, வெளியே வலை, அதற்குள் கழுவக்கூடிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதற்குப் பின்னால் ஃபேன் என்று மாற்றினேன். ஃபேன், பெட்டி, கூலி எல்லாம் சேர்த்து 7,800. அறையிலிருந்து வீட்டுக்குள் திறக்கும் கதவு இருந்தால் இந்த முறை ஆகாது, தூள் முழுக்க வீட்டுக்குள் வரும். எனக்கு மாடி என்பதால் சரிப்பட்டது.

சரிப்பட்டது என்றேன், பக்கத்து மாடிக்காரம்மாவுக்குச் சரிப்படவில்லை. காற்று வெளியே போகும் ஓட்டை அவர்கள் துணிக்கொடியைப் பார்த்து இருந்தது. கறுப்பு பேண்ட் மேல் வெள்ளைப் பொடி. "ஏன்ரீ இது?" (என்னங்க இது?) என்று கன்னடத்தில் ஆரம்பித்து ஓனரம்மா வரை போனது. ஒரு எல்போ குழாய் வாங்கி ஓட்டையைக் கீழ்நோக்கித் திருப்பி, அதன் வாயில் ஈர வைக்கோல் கூடை ஒன்று வைத்ததில் அடங்கியது. அதற்குப் பிறகு அவர்களுக்கு வாரம் ஒரு பாக்கெட் காளான் போகிறது, அதைக் காற்றோட்டச் செலவில்தான் எழுதுகிறேன்.

ஷாக் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய ஃபேனின் கம்பி வலையை ஈரக் கையால் தொட்டபோது சுரீரென்றது ஒரு தடவை. கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்சான எம்சிபி விழவில்லை. ஒயர் எரிந்துவிடாமல் காப்பாற்றுவதுதான் எம்சிபியின் வேலை, மனிதரைக் காப்பாற்றுவது இல்லை. கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி தனியாக வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும், ஸ்விட்ச் போர்டு அறைக்கு வெளியே இருக்க வேண்டும். ஈரம் 85 சதவீதத்தில் நிற்கிற அறையில் இந்தச் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் அது சுவரில் சும்மா இருக்கிறது.

கரண்ட் போனால் என்ன என்று கேட்பார்கள். பகலில் கதவைத் திறந்து வைத்துவிடலாம். இரவுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்திருக்கிறேன், அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இந்த மோட்டார் உறுமும், சூடாகும். ஃபேனைத் தானாக ஓட்டி நிறுத்தும் டைமரில், பல் சக்கரம் வைத்தது கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், வந்த பிறகு அவ்வளவு நேரம் பின்தங்கியே ஓடும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் 800, 900 ரூபாய்தான். ஹியூமிடிஃபையரை ஃபேனுக்குச் சேர்ந்த அதே டைமர் லைனில் போட்டுவிடுங்கள், டைமரோ கரண்டோ நின்றால் இரண்டும் ஒன்றாக நிற்கும். ஆனால் மோட்டார் மட்டும் இறுகி நின்றால் டைமருக்கு அது தெரியாது. அதற்கு, காற்று வெளியே போகும் ஓட்டையில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறேன், கீழே துணி துவைக்கும் கல்லிலிருந்தே தெரியும். ரிப்பன் தொங்கினால் மாடி ஏறுவேன். சத்தத்தை நம்புவதை விட்டுவிட்டேன்.

வேலை என்று பார்த்தால் பெரிதாக இல்லை. வெளி வலையை வாரம் ஒரு முறை குழாயடியில் காட்டுகிறேன், ஸ்பாஞ்சை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவி நிழலில் காய வைத்து மாட்டுகிறேன். அதற்காக இரண்டு செட் வைத்திருக்க வேண்டும், ஈர ஸ்பாஞ்சை அப்படியே மாட்டினால் பச்சைப் பூஞ்சணம் பிடித்து, அது அறைக்குள் வந்து பெட்டுகளில் ஏறும். ஒவ்வொரு சுற்று முடிந்து அறை காலியாகும்போது இறக்கையைத் துடைத்து, கையால் சுற்றிப் பார்த்து, ஊதுபத்தி காட்டுகிறேன். ஹியூமிடிஃபையருக்குப் போர்வெல் தண்ணீர் ஊற்றுவதில்லை, காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோதான்.

கோடைதான் இன்னும் தகராறு. 2024 மார்ச்சில் ஊரெங்கும் போர்வெல்கள் வற்றி, டேங்கர் தண்ணீருக்கே அலைந்த சமயம், வெளிக்காற்று காய்ந்து கிடந்தது. காற்றை விட்டால் ஈரம் போகிறது, குடை ஓரம் வெடிக்கிறது. காற்றை நிறுத்தினால் தண்டு நீள்கிறது. அப்போது இரண்டு பேர் என்னிடம் ஸ்ப்ளிட் ஏசி போடச் சொன்னார்கள், ஒருவர் போட்டே விட்டார். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வராது, உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் குளிரவைத்துச் சுற்றி விடும். அதோடு ஈரத்தையும் பிழிந்து வெளியே விட்டுவிடும். ஏசியை நம்பி ஜன்னலை அடைத்தால் மீட்டர் ஏறிக்கொண்டே போகும். எனக்குக் கைகொடுத்தது பழைய ஏர் கூலர். அதை ஜன்னலுக்கு வெளியே வைத்து உள்நோக்கி ஊதவிட்டால் புதுக்காற்று, ஈரம், குளிர்ச்சி மூன்றும் ஒரே மோட்டாரில் வருகிறது. ஜூன் மழை பிடித்ததும் அதற்குக் குளிரவைக்கிற சக்தி போய்விடும், அப்போது கழற்றிவிட்டுப் பழைய பெட்டி ஃபேனை மாட்டிவிட வேண்டியதுதான். வாங்குவதானால் செகண்ட் ஹேண்டில் 3,000 ரூபாய்க்கே கிடைக்கும். உள்ளே இருக்கும் பேடை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு முறை முழுக்கக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். பாசி பிடித்த தொட்டி, அந்தக் கிருமியையே உங்கள் மொட்டுகள் மேல் ஊதிக்கொண்டிருக்கும்.